ஒரு குமிழிலிருந்து மூன்று ரிமோட் வரை

மலேசியத் தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் தியேட்டர் என்றால் திடலில் கட்டிய வெள்ளைத் துணிதான். பட வண்டி வருகிற அன்று லயத்தில் அடுப்பு சீக்கிரமே அணைந்துவிடும். பாயைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் முன்னால் ஓடி இடம் பிடிப்பார்கள். கேமரன் மலை போன்ற குளிர்ப் பிரதேசம் என்றால் பாயோடு கம்பளியும் போகும். படம் பார்க்க வந்தவர்களில் ஒருவருக்கும் அந்தப் புரொஜெக்டரைப் பற்றிக் கவலை கிடையாது. பிலிம் அறுந்தால் ஒட்டுவது, குரல் கம்மினால் கூட்டுவது, சுருள் முடிந்தால் மாற்றுவது எல்லாம் ஆப்பரேட்டர் பாடு. பார்க்க வந்தவர் வேலை பார்ப்பது மட்டுமே.

இன்று அதே தியேட்டர் வீட்டுக்குள் வந்துவிட்டது. திரை வந்தது, ஒலிபெருக்கி வந்தது, படமும் வந்தது. ஆப்பரேட்டர் மட்டும் வரவில்லை. எழுபது வயதுப் பெரியவரே ரசிகர், அவரே ஆப்பரேட்டர்!

தானா ராத்தாவிலும் அதைச் சுற்றியுள்ள தேயிலை மலைகளிலும் இப்போது பல வீடுகளில் முதியவர்கள் தனியாகவோ, இருவராகவோ இருக்கிறார்கள். பிள்ளைகள் ஈப்போவில், கோலாலம்பூரில், சிங்கப்பூரில். தீபாவளிக்கு வரும்போது பாசத்தோடு ஒரு பெரிய டிவி, ஐந்து ஸ்பீக்கர், மூலையில் வைக்க ஒரு பேஸ் பெட்டி என்று வாங்கி வருகிறார்கள். "இனிமே தியேட்டருக்கே போக வேணாம்ப்பா" என்று பொருத்தியும் கொடுக்கிறார்கள். விடுமுறை முடிந்து பிள்ளைகள் மலை இறங்குகிறார்கள். மறுநாள் படம் வருகிறது, சத்தம் வரவில்லை. அதற்கு மறுநாள் சத்தம் வருகிறது, படம் வரவில்லை. அடுத்த பொங்கலுக்கு மகன் வந்துதான் அந்தப் பெட்டி மறுபடி பேசும்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் தனியாக இருக்கிற ஒரு தாய்க்குப் பகல் முழுதும் வீட்டில் கேட்கிற ஒரே தமிழ்க்குரல் அந்தப் பெட்டியின் குரல்தான் என்றால், அது ஊமையானால் வீடே ஊமையாகிவிடுகிறது. பெற்றோருக்கு எந்தக் கருவி வாங்குவது என்று கடைகடையாக ஏறி இறங்குகிறவர்கள், அவர்களுடைய கையும் காதும் எந்தெந்தக் கருவிகளில் பழகி வந்தன என்று கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

வராந்தாவில் இருந்த பெட்டி

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைநிலத்தைக் கண்டு குறித்து வைத்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. தானா ராத்தா என்றால் மலாய் மொழியில் சமதரை. 1929இல் ஜே.ஏ. ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை 1930களின் தொடக்கத்தில் முடிந்தது. காட்டை வெட்டிச் சரிவுகளில் தேயிலைக் கன்று நட்டவர்களில் தமிழர்களின் பங்கு பெரியது. 1938இல் இந்திய அரசு மலாயாத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் அனுப்புவதற்குத் தடை போட்டது. அதன் பிறகு புதிதாக ஊர்க்காரர் யாரும் கூட்டமாக வந்து இறங்கவில்லை. ஊரோடு இருந்த தொடர்பு கடிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மலாயாவுக்கு வானொலி வந்த கதை இதற்கு முன்பே தொடங்கியது. ஜொகூர் அரசின் மின்துறையில் இருந்த ஏ.எல். பர்ச் 1921இல் முதல் வானொலிக் கருவியைக் கொண்டு வந்தார். 1937இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் நிலையம் திறந்தது. இதெல்லாம் துரை வீட்டுச் சமாசாரம். லயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஜப்பானியர் காலத்தில் வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பதே குற்றம். சிற்றலை வாங்க முடியாதபடி பெட்டிகளை முடக்கி வைத்தார்கள். அதே காலத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் குரலும் ஒலித்தது என்பது தனிக்கதை.

1946 ஏப்ரல் 1இல் ரேடியோ மலாயா உருவானது. மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழும் அதன் மொழியானது. தோட்டத்து மக்களுக்கு அந்தத் தமிழ் வந்து சேர்ந்ததற்குக் காரணம் கலை ஆர்வம் அல்ல, போர்! 1948இல் அவசர காலம் அறிவிக்கப்பட்டது. காட்டில் கம்யூனிஸ்டுகள், விளிம்பில் தோட்டங்கள். மக்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அரசுக்குப் பெரிய கவலை. 1950இல் பிரச்சாரப் பிரிவுக்குத் தலைமை தாங்க லண்டனிலிருந்து ஹியூ கார்ல்டன் கிரீன் வந்தார். நாவலாசிரியர் கிரகாம் கிரீனின் தம்பி. பின்னாளில் பிபிசியின் தலைமை இயக்குநர் ஆனவர். அந்த ஆண்டுகளில்தான் புதுக் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் பொது வானொலிப் பெட்டிகள் பரவலாகப் போயின. 'சமூக ஒலிபரப்பு' என்ற பெயரில் அந்தப் பெட்டிகளுக்கென்றே தனி நிகழ்ச்சிகள், தமிழிலும்.

அந்தப் பெட்டியை லயத்துக்காரர் யாரும் தொட்டதில்லை. பொதுவாகக் கிராணியோ, தமிழ்ப்பள்ளி ஆசிரியரோதான் போடுவார், நிறுத்துவார். பாட்டு நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே "போதும், பேட்டரி தீருது" என்று நிறுத்தினால் எழுந்து போக வேண்டியதுதான். பெட்டி தோட்டத்துக்குச் சொந்தம். குமிழ் கிராணிக்குச் சொந்தம். கேட்கிறவருக்குச் சொந்தமானது காது மட்டும்.

எழுத்தறிவு குறைந்த, மின்சாரம் இல்லாத மக்களுக்குக் கருவி செய்வது எப்படி என்று அந்தக் காலத்திலேயே தலையை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆப்பிரிக்காவில், அன்றைய வட ரொடீசியாவில் (இன்றைய ஸாம்பியா), ஹாரி பிராங்க்ளின் என்ற தகவல்துறை அதிகாரி ஏழை எளியவர் வாங்கக்கூடிய வானொலி வேண்டும் என்று பல கம்பெனிகளின் கதவைத் தட்டினார். எவர்ரெடி கம்பெனி ஒத்துக்கொண்டது. தனி அச்சு செய்தால் செலவாகும் என்று, பாத்திரக் கம்பெனியில் கைப்பிடி போடாத அலுமினிய வாணலியை வாங்கி அதற்குள் வானொலியை அடக்கினார்கள். 1949இல் வந்தது அந்த 'வாணலி வானொலி'. நீல நிறம், விலை 5 பவுண்டு, ஒரு பேட்டரி ஏறத்தாழ 300 மணி நேரம். ஒரு கருவியைச் செய்வதற்கு முன்னால் அதைக் கையில் எடுக்கப்போகிறவர் யார் என்று யோசித்தார்களே, அதைத்தான் கவனிக்க வேண்டும். பின்னால் வந்த பல பெரிய கம்பெனிகளுக்கு இந்த யோசனையே எழுந்ததாகத் தெரியவில்லை.

1949இல் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ரெடிஃப்யூஷன் வந்தது. கம்பி வழி வானொலி. மாதச் சந்தா கட்டினால் வீட்டில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போவார்கள். நிலையம் தேட வேண்டாம், ஏரியல் வேண்டாம், இரைச்சல் கிடையாது. சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான் வேலை. முதியவர்களுக்கு அதைவிட எளிய கருவி இன்றுவரை வரவில்லை என்றே சொல்லலாம். ஆனால் அந்தக் கம்பி பட்டணத்தோடு நின்றுவிட்டது. மலைக்கு ஏறவில்லை.

தலைமாட்டில் வந்த ரேடியோ

1954இல் அமெரிக்காவில் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்தது. 1957இல் சோனி சட்டைப்பையில் போடும் அளவுக்கு ஒன்றைக் கொண்டு வந்தது. 1960களில் விலை இறங்க இறங்க, தோட்டத்துச் சம்பளக்காரரும் தொட்டுப் பார்க்கும் பொருளாக அது ஆனது. டார்ச் லைட்டுக்குப் போடுகிற பேட்டரியே போதும். இனிமேல் கிராணி வீட்டு வராந்தா தேவையில்லை.

இந்த மாற்றத்தின் அளவு இன்றைய பிள்ளைகளுக்குப் பிடிபடுவது கடினம். வாழ்நாள் முழுதும் பிரட்டுக்கு அடித்த மணியில் எழுந்து, கங்காணி சொன்ன நிரையில் நின்று, தராசு சொன்ன எடைக்குச் சம்பளம் வாங்கிய ஒருவருக்கு, தன் விரலால் திருப்பினால் தன் இஷ்டத்துக்குப் பேசுகிற ஒரு பொருள் முதன்முதலாகக் கிடைத்தது! ரேடியோ மலேசியாவின் தமிழ்ப் பகுதியில் நேயர் விருப்பம், நாடகம், மரண அறிவித்தல் எல்லாம் அதில் வரும். இரவில் சிற்றலையில் துழாவினால் இலங்கை வானொலி, இந்திய வானொலி என்று கடல் தாண்டியும் வரும். அலை எழும்பும், அமுங்கும், இரையும். குமிழை ஒரு நூல் திருப்பினால் குரல் தெளியும். அந்த ஒரு நூல் எவ்வளவு என்பது விரலுக்குத் தெரியும். எழுத்துத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டு குமிழ். ஒன்று சத்தம், ஒன்று நிலையம். சத்தக் குமிழைக் கடைசிவரை திருகினால் 'டக்' என்று அணையும். இருட்டில் கூடப் போடலாம். தவறாகத் திருப்பிவிட்டால் திரும்ப வந்த வழியே திருப்பினால் போதும். இந்தக் கடைசிக் குணத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1963 டிசம்பர் 28இல் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. கோலாலம்பூர் துங்கு அப்துல் ரகுமான் மண்டபத்தில் பிரதமர் துங்குவே தொடக்கி வைத்தார். அதே 1963இல்தான் கேமரன் மலை நீர்மின் திட்டமும் நிறைவேறியது. ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை எழுந்தது. மலைத்தண்ணீர் மின்சாரமாகி நாட்டுக்குப் போனது. ஆனால் நாடெங்கும் எத்தனையோ தோட்ட லயங்கள் வெகுகாலம் மண்ணெண்ணெய் விளக்கோடும், சில மணி நேரம் மட்டும் ஓடும் ஜெனரேட்டரோடும் காலம் தள்ளின. தொழிலாளர் வீட்டுக்குப் போதுமான மின்சாரம் தர வேண்டும் என்று முதலாளிமாருக்குச் சட்டம் விதிக்க 1990 வர வேண்டியிருந்தது. அதனால்தான் தோட்டத்தில் வளர்ந்த பலருக்கு முதல் டிவி என்பது இன்னொருவர் வீட்டு டிவி. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்த டிவி.

அந்த டிவியும் கைக்கு அடக்கமானதுதான். மரப்பெட்டி, நாலு கால், சிலவற்றுக்கு இழுத்து மூடும் கதவு. அலைவரிசைக்கு ஒரு பெரிய குமிழ்; ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு 'டக்'. எத்தனை டக் என்று எண்ணியே சானலை மாற்றிவிடலாம். 1969இல் இரண்டாம் அலைவரிசை வந்தது, 1978 டிசம்பர் 28இல் வண்ணம் வந்தது, 1984இல் டிவி3 வந்தது. ஆண்டுக்கு 24 வெள்ளி லைசென்ஸ் கட்டினார்கள்; அது 1999இல்தான் ஒழிந்தது. மலைமேல் ஒளிபரப்பு வருவதற்கு பிரிஞ்சாங் மலையுச்சியில் ஆர்டிஎம் கோபுரம் நின்றது. 2,000 மீட்டருக்கும் மேலே. அதன் அடிவாரச் சரிவில் சுங்கை பாலாஸ் தேயிலை. கோபுர நிழலில் கொழுந்து பறித்தவர்கள் மாலையில் அந்தக் கோபுரம் தரும் படத்தைப் பார்த்தார்கள்.

பன்னிரண்டில் நின்ற கடிகாரம்

சிக்கல் தொடங்கிய இடம் வீடியோ. ஜப்பானில் 1976இல் விஎச்எஸ் வந்தது. 1980களில் மலேசியத் தமிழர் வீடுகளில் அது பரவிய வேகத்தில் பல தியேட்டர்கள் ஆட்டம் கண்டன. கேசட்டைத் தள்ளினால் ஓடும், அந்தமட்டில் எளிதுதான். ஆனால் முதன்முறையாக ஒரு படத்துக்கு இரண்டு கருவிகள் தேவைப்பட்டன. டிவியை அதற்குரிய சானலுக்கு மாற்ற வேண்டும், பிறகு வீடியோவை ஓட்ட வேண்டும். ஒன்றை மறந்தால் திரையில் புள்ளிப்புள்ளியாகப் பனி. நேரம் குறித்துப் பதிவு செய்வதோ பெரிய வித்தை. உலகம் முழுதும் லட்சக்கணக்கான வீடுகளில் வீடியோ பெட்டியின் கடிகாரம் 12:00 என்று கண்சிமிட்டிக்கொண்டே கிடந்தது. மெத்தப் படித்தவர்களும் அதைச் சரிசெய்யவில்லை. 1990இல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி, பத்திரிகையில் நிகழ்ச்சிக்குப் பக்கத்தில் அச்சிட்ட எண்ணைத் தட்டினால் தானே பதிவாகும் கருவியைக் கொண்டு வந்து காசை அள்ளியது. தாத்தா பாட்டிக்கு மட்டும் புரியவில்லை என்று சொல்கிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

ரிமோட்டின் கதையும் இப்படித்தான். 1956இல் ஸெனித் கம்பெனியில் ராபர்ட் அட்லர் செய்த ரிமோட்டில் நாலே நாலு பட்டன். சானல் மேலே, சானல் கீழே, சத்தம் நிறுத்த, டிவியை அணைக்க. உள்ளே அலுமினியக் குச்சிகள். பட்டனை அழுத்தினால் சின்னச் சுத்தியல் குச்சியைத் தட்டும், மனிதக் காதுக்கு எட்டாத ஒலி டிவிக்குப் போகும். பேட்டரியே கிடையாது! நாலு பட்டனில் தொடங்கிய பொருள் இப்போது நாற்பது, ஐம்பது பட்டனில் நிற்கிறது. அதில் ஒரு முதியவர் தினமும் தொடுவது ஐந்தாறுதான். மீதியெல்லாம் கண்ணிவெடி.

1996இல் மீசாட் துணைக்கோள் ஏறியது. அந்த ஆண்டே ஆஸ்ட்ரோ வந்தது. கூரைமேல் தட்டு முளைத்தது. மலேசியத் தமிழருக்கு இது ஒரு பெரிய திருப்பம். அதுவரை தேசியத் தொலைக்காட்சியில் குறித்த நேரத்துக்குக் காத்திருந்து பார்த்த தமிழ், வானவில்லில் நாள் முழுதும் வந்தது. பிறகு சன் டிவியும் சேர்ந்துகொள்ள, மாமியாரும் மருமகளும் ஒரே சீரியலுக்கு அழுதார்கள். தோட்டத்து முதியவர்கள் வானொலிக்கு அடுத்தபடி உண்மையிலேயே தம்முடையது என்று ஏற்றுக்கொண்டது இதைத்தான். 201 என்று மூன்று எண்ணை அழுத்தப் பழகியவர்கள் ஏராளம். எழுத்துத் தெரியாதவருக்கும் எண் தெரியும்.

ஆனால் இப்போது ரிமோட் இரண்டு. டிவிக்கு ஒன்று, டிகோடருக்கு ஒன்று. கேமரன் மலைக்கே உரிய ஒரு தொல்லையும் கூடவே வந்தது. துணைக்கோளிலிருந்து வரும் அந்த உயர் அலைவரிசை கனமழையைத் தாண்டாது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற மலை இது. மழை இறங்கினால் படம் உறையும், கட்டம்கட்டமாக உடையும், பிறகு கறுப்புத் திரையில் ஓர் அறிவிப்பு. அதைப் படிக்கத் தெரியாத அம்மா, தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று நினைக்கிறார். இந்தப் பட்டனை அழுத்துகிறார், அந்தப் பட்டனை அழுத்துகிறார். டிவி வேறு இணைப்புக்குத் தாவிவிடுகிறது. அரை மணியில் மழை நிற்கிறது, துணைக்கோள் திரும்புகிறது, படம் திரும்பவில்லை. பழைய ரேடியோவில் வந்த வழியே திருப்பினால் போதும் என்று இருந்ததே, அந்த வழி இதில் இல்லை.

இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவது மலை வீடுகளில் பழைய வழக்கம். நல்ல வழக்கமும்கூட. ஆனால் மறுபடி செருகினால் டிகோடர் கண்விழிக்கச் சில நிமிடம் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து நாலு பட்டனை அழுத்தினால் மேற்சொன்ன கதைதான்.

2019இல் இன்னொரு மாற்றம். ஜூலை 21இல் லங்காவியில் தொடங்கி, அக்டோபர் 31க்குள் நாடு முழுதும் பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. ஏரியல் மட்டும் வைத்து ஆர்டிஎம் பார்த்துக்கொண்டிருந்த பழைய பெட்டிகளுக்கும் ஒரு டிஜிட்டல் டிகோடர் வேண்டும் என்று ஆனது. அதாவது, ஒரே ரிமோட்டோடு இருந்த கடைசி வீட்டுக்கும் இரண்டாவது ரிமோட் வந்து சேர்ந்தது.

ஆறு பெட்டியும் ஒரு காதும்

1996 நவம்பரில் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தது. அதன் பின்னால்தான் 'ஹோம் தியேட்டர்' என்ற மோகம் நம் வீடுகளைப் பிடித்தது. 2000களின் தீபாவளி போனசில் பெரும்பகுதி அந்த அட்டைப்பெட்டிக்குள் போனது. 5.1 என்றால் முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, தரையில் ஒரு பேஸ் பெட்டி. அதற்கு மூன்றாவது ரிமோட்.

இவ்வளவும் யாருக்கு? பெரியவர்கள் விரும்பிப் பார்ப்பது சிவாஜி, எம்ஜிஆர் படங்கள். அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களின் ஒலி மோனோ, ஒரே தடம். 1978இல் வந்த 'ப்ரியா' ஸ்டீரியோவில் பாடல் பதிவான தொடக்ககாலத் தமிழ்ப் படங்களுள் ஒன்று என்று சொல்லும்போதே, அதற்கு முந்தையவை எப்படி இருந்தன என்பது விளங்கும். மோனோ ஒலியைச் சரவுண்டு கருவியில் போட்டால் அது என்ன செய்யும்? இரண்டு பக்கமும் ஒரே ஒலி வருவதால், இது வசனம் என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். பக்கத்து ஸ்பீக்கர்களும் பின்பக்கத்து ஸ்பீக்கர்களும் கைகட்டி நிற்கும். மகன் வாங்கிய ஆறு பெட்டியில் அப்பாவுக்குப் பாடுவது பெரும்பாலும் ஒன்று!

அந்த ஒன்று நன்றாக இருக்க வேண்டும். அதுதான் முக்கியம். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 60 வயதைத் தாண்டியவர்களில் 25 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு வாழ்க்கையைப் பாதிக்கிற அளவு கேட்கும் குறை உண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் உருளை இயந்திரத்துக்கும் உலர்த்தும் இயந்திரத்துக்கும் பக்கத்தில் ஆண்டுக்கணக்காக நின்ற காதுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முதுமையில் காது எல்லா ஒலியையும் ஒரே அளவில் இழப்பதில்லை. கீச்சென்ற உயர் ஒலிகள் முதலில் போகும். உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து நழுவும். 'ச'வும் 'த'வும் 'ப'வும் குழம்பும். அதனால்தான் அவர்கள் "சத்தம் கேக்குது, என்ன பேசுறாங்கன்னு புரியல" என்கிறார்கள். சத்தத்தைக் கூட்டினால் பின்னணி இசையும் சேர்ந்து கூடும். வசனம் இன்னும் மூழ்கும். பேஸ் பெட்டி அதிர அதிரப் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தலைவலி.

இங்கே பழைய மரப்பெட்டி ரேடியோவை இன்னொரு முறை நினைக்க வேண்டும். அதன் ஸ்பீக்கர் கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசியது. பழைய கனத்த டிவிகளில் பலவும் அப்படியே. இன்றைய தட்டை டிவிகள் பலவற்றில் ஸ்பீக்கர் அடியிலோ முதுகிலோ இருக்கிறது. சுவரைப் பார்த்துப் பேசுகிறது. அப்பா காது மந்தமாகிவிட்டது என்று பிள்ளைகள் முடிவு கட்டுவதற்கு முன், டிவி எந்தப் பக்கம் பார்த்துப் பேசுகிறது என்று குனிந்து பார்த்துவிடலாம்.

ஆகவே, தனியாக இருக்கும் பெற்றோருக்கு ஆறு பெட்டி வேண்டாம். டிவிக்கு முன்னால் நீளமாகக் கிடக்கும் ஒரே ஒரு சவுண்ட்பார், அதிலும் வசனத்தை மட்டும் தூக்கித் தரும் வசதி உள்ளது, போதும். ஒருமுறை அந்த வசதியைப் போட்டு வைத்துவிட்டால் அவர்கள் தொட வேண்டியதில்லை. ஏற்கெனவே ஐந்து ஸ்பீக்கர் வாங்கியாகிவிட்டது என்றால், நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் கூட்டி வைக்கும் வழி பெரும்பாலான கருவிகளில் உண்டு. பேஸ் பெட்டியைக் குறைத்துவிடலாம், அல்லது அதன் மேல் சாமி படம் வைத்துக்கொள்ளலாம்.

ரிமோட்டை ஒன்றாக்குவதற்கும் வழி இருக்கிறது. கடைக்காரர் பலர் சொல்வதில்லை. 2002இல் வந்த எச்டிஎம்ஐ கம்பியில், ஒரு கருவி இன்னொன்றுக்குக் கட்டளை கொடுக்கும் 'சிஇசி' என்ற ஏற்பாடு உண்டு. 2009இல் அதே கம்பி வழியாக டிவியின் ஒலியைத் திருப்பி அனுப்பும் 'ஏஆர்சி' சேர்ந்தது. டிவியின் பின்னால் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் துளையில் சவுண்ட்பாரைச் செருகி, இரண்டிலும் இந்த ஏற்பாட்டைத் திறந்துவிட்டால், டிவியைப் போட்டதும் சவுண்ட்பார் தானே எழும். டிவியின் சத்தப் பட்டனே அதற்கும் சத்தப் பட்டன். சவுண்ட்பாரின் ரிமோட்டை அலமாரிக்குள் போட்டுவிடலாம். ஒவ்வொரு கம்பெனியும் சிஇசிக்குத் தன் இஷ்டத்துக்கு ஒரு பெயர் வைத்திருப்பதால் அதைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. டிவியும் சவுண்ட்பாரும் ஒரே கம்பெனியாக இருந்தால் தகராறு குறைவு. டிகோடர் ரிமோட்டிலேயே டிவியை அணைக்கவும் சத்தத்தைக் கூட்டவும் பழக்கிவைக்க முடிகிற மாதிரிகள் உண்டு. அப்படியானால் டிவி ரிமோட்டும் அலமாரிக்குப் போகும்.

டிவியை எப்போது போட்டாலும் டிகோடர் இணைப்பிலேயே திறக்கும்படி அமைத்துவிட்டால், மழை நாளில் எந்தப் பட்டனை அழுத்தியிருந்தாலும் ஒருமுறை அணைத்துப் போட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும். எல்லா டிவியிலும் இந்த அமைப்பு இல்லை. இருக்கிறதா என்று காசு கொடுப்பதற்கு முன்பே கடையில் கேட்க வேண்டிய கேள்வி இது. திரை எத்தனை அங்குலம் என்பதைவிட இது பெரிய கேள்வி. ரிமோட்டில் தேவையில்லாத பட்டன்களின் மேல் கறுப்பு டேப் ஒட்டுவது பார்க்க அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும்.

படிக்கத் தெரியாதவருக்கு மைக் பட்டன் உள்ள ரிமோட் ஒரு வரப்பிரசாதம். கூகுள் 2017இல் குரல் உள்ளீட்டில் தமிழையும் சேர்த்தது. பட்டனை அழுத்திப் படத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் தேடிக் கொடுக்கிறது. சில நேரம் கேட்டது ஒன்று, கிடைப்பது ஒன்று என்றாலும், 'சோர்ஸ்', 'செட்டிங்', 'மெனு' என்று ஆங்கிலத்திலும் மலாயிலும் மிரட்டுகிற திரையைவிடப் பேச்சு அவர்களுக்குப் பழகிய ஊடகம். இதற்கு வீட்டில் இணைய வசதி வேண்டும். தேயிலைச் சரிவுகளில் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எட்டுவதில்லை. வாங்குவதற்கு முன் அந்த வீட்டில் நின்று சோதித்துப் பார்ப்பது உத்தமம்.

இவ்வளவும் செய்த பிறகும், பழைய ரேடியோவைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. 2005இல் மின்னல் பண்பலை என்று பெயர் மாறிய ஆர்டிஎம் தமிழ் வானொலி இன்றும் இருக்கிறது. டிவி எவ்வளவு பெரிதானாலும், விடியற்காலையில் பக்திப் பாடல் கேட்கிற தாய்க்குத் தலைமாட்டில் இரண்டு குமிழ் உள்ள ஒரு பெட்டி வேண்டும். மின்சாரம் போனாலும் பேட்டரியில் பேசும் பெட்டியாக இருந்தால் நல்லது.

பொருத்தி முடித்ததும் பிள்ளைகள் செய்கிற ஒரு காரியம், ரிமோட்டைத் தாங்களே பிடித்துக்கொண்டு "இப்படித்தாம்மா, இதை அழுத்தினா இது வரும்" என்று வேகமாகச் செய்து காட்டுவது. அம்மா தலையாட்டுவார். தலையாட்டல் மரியாதைக்கு; விளங்கியதற்கு அல்ல. அதற்குப் பதிலாக ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய்விட வேண்டும். அவராகவே போடட்டும், சானல் மாற்றட்டும், சத்தம் கூட்டட்டும், அணைக்கட்டும். பிறகு பிளக்கைப் பிடுங்கிச் செருகி, மறுபடி அவரையே போடச் சொல்ல வேண்டும். முடிந்தால் விடுமுறையில் ஒரு நாள் கூட்டித் தங்கி, மாலை மழை இறங்கிப் படம் போகும்போது அவர் என்ன செய்கிறார் என்று பேசாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தானா ராத்தாவில் அந்த மழைக்கு அதிக நாள் காத்திருக்க வேண்டியதில்லை.